கீழே நிற்பவனின் கை

பிப்ரவரி 3

மாப்பிள்ளைக்கு, மச்சான் சொல்லச் சொல்ல எழுதப்படுவது.

எனக்கு ஒன்றும் இல்லை. முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முகத்தைச் சுளிக்கிறது. நீயும் உன் மகளும் அவள் வீட்டுக்காரரும் சுகமாக இருப்பதாக நானே வைத்துக்கொள்கிறேன். நீ எழுதினால்தானே வேறு விதமாக நினைக்க?

இந்தக் கடிதத்தைக் கீழ்வீட்டுத் தையல்காரம்மா எழுதுகிறாள். இவள் கையெழுத்து அழகு என்கிறார்கள். எனக்கென்ன தெரியும், எறும்பு வரிசையும் எழுத்து வரிசையும் எனக்கு ஒன்றுதான். ஆனால் நான் ஒன்று சொன்னால் இவள் அதற்கு இஸ்திரி போட்டு எழுதுகிறாள். அப்படியே எழுதம்மா என்றால், "பெரியவரே, நீங்க பேசறதை அப்படியே எழுதினா தபால்காரர் கையால தொடமாட்டார்" என்கிறாள்.

போன வாரம் நீங்கள் மெக்கானிக் கடைக்குப் போன் போட்டீர்களாம். ஓட்டமும் நடையுமாகப் போய்க் காதில் வைத்தேன். ஒரே இரைச்சல். கிரேன் கூண்டுக்குள் இஞ்சினைக் கட்டிக்கொண்டு கிடந்ததில் என் காது போன கதை உனக்குத் தெரியாததா? போன் வேண்டாம், கடிதம் போடு. தையல்காரம்மா வலது காதுப் பக்கம் குனிந்து படித்தால் எனக்கு எல்லாம் கேட்கிறது.

இன்று மத்தியானம் தட்டை எடுத்து வைத்தபோது உன் ஞாபகம் வந்தது. துறைமுகத்தில் சாப்பாட்டுச் சங்கு ஊதும். மேலே கூண்டில் இருக்கிற எனக்கு அது கேட்காது. கீழே சிக்னல் காட்ட நிற்கிற நீ உன் வயிற்றில் ரெண்டு தட்டு தட்டிவிட்டு, கையைத் தலைக்கு மேல் தூக்கி, ஒரு விரலைக் கீழ்நோக்கிச் சுற்றுவாய். எறங்கி வா, சாப்பிடலாம். அது கம்பெனி சொல்லிக்கொடுத்த சைகை இல்லை, நீயாக உண்டாக்கியது. நான் கூண்டு மணியை ஒரு தட்டு தட்டுவேன். புரிந்தது, வருகிறேன் என்று அர்த்தம். புரியாவிட்டால் ரெண்டு தட்டு. உன் கைக்கு நான் ரெண்டு தட்டு தட்டியதாக எனக்கு ஞாபகமே இல்லை.

நீ இப்போதெல்லாம் காரம் தொடுவதில்லை என்று உன் மகள் பாப்பா போன கடிதத்தில் எழுதியிருந்தாள். நீயா? பச்சை மிளகாயைக் கடலை மாதிரி மென்றவனா? என்ன விஷயம், எழுதச் சொல்.

உன் கடிதத்துக்குக் கண் வைத்திருக்கும்,
மச்சான்

*

மார்ச் 1

மச்சானுக்கு, உன் மாப்பிள்ளை சொல்லப் பாப்பா எழுதுகிறாள்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் கடிதம் வந்தபோது பாப்பா வீட்டில் இல்லை, தபால்காரரே படித்துக் காட்டினார். உன் முழங்காலுக்கு எண்ணெய் தடவு. நீ தடவமாட்டாய், சொல்லி வைக்கிறேன்.

காரம் விட்டதில் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து, அதன் கூர் நாக்கைக் கீறிக்கொண்டே இருந்தது. புண் ஆற நாள் எடுக்கிறது. அந்தப் பல்லைப் பிடுங்கியாயிற்று. நீ உடனே புகையிலையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதே. அதை விட்டு நாளாச்சு.

இங்கே வீடு முதல் மாடி. ஜன்னலில் உட்கார்ந்தால் தெருவில் போகிற லாரி எல்லாம் தெரியும். நேற்று எதிர்வீட்டுக்காரன் பீரோ இறக்கினான். நான்கு பேர், நான்கு வாய், ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். ஜன்னலிலிருந்து கை காட்டினேன். ஒருவன் திரும்பி எனக்கு டாட்டா காட்டினான். இப்படி இருக்கிறது நம் பிழைப்பு.

தையல்காரம்மாவுக்கு என் வணக்கம். உன்னை வைத்து மேய்ப்பது லேசில்லை என்று சொல்.

உன் மாப்பிள்ளை

மாமா, இதற்குக் கீழே அப்பா சொன்னது இல்லை, நானாக எழுதுவது. பல் பிடுங்கியும் புண் ஆறவில்லை. நாக்கு ஓரத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு வெகுநாளாக இருந்திருக்கிறது, எங்களிடம் காட்டவே இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் சதை கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். உங்களுக்கு எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். நான் எழுதியது தெரிய வேண்டாம்.

*

மார்ச் 12

மாப்பிள்ளைக்கு,

கடிதம் வந்தது. நான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன்.

தையல்காரம்மா உன் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டுத் தையல் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன்.

பல் என்றால் உன் இடது கன்னத்துப் பல்லா? பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் அந்தக் கன்னம் எப்போதும் உப்பிக்கொண்டே தெரியும். உன்னை முதல் தடவை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தேனே, கட்டம் போட்ட சட்டை, மேலிருந்து மூன்றாவது பொத்தான் மட்டும் வேறு நிறம். நீ போன பிறகு என் தங்கச்சி உள்ளேயிருந்து வந்து கேட்டது உனக்குத் தெரியாது. "அண்ணா, அவருக்குப் பல்வலியா?" புகையிலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆமாம் பல்வலிதான் என்றேன். கல்யாணமாகி ஒரு மாதம் கழித்து, விஷயம் தெரிந்ததும், என் தலையில் தண்ணீர்ச் செம்பைக் கவிழ்த்தாள். அவள் இருந்திருந்தால் இன்றைக்கும் யாருக்காவது செம்பு கவிழ்ந்திருக்கும்.

பாப்பாவைப் பார்த்து வெகுநாளாகிறது. ஒரு நடை அங்கே வரலாமா என்று யோசிக்கிறேன். சும்மாதான். ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தால் பொழுது போய்விடும். தோள்பையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.

பல் டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதச் சொல். சின்ன விஷயம் என்றாலும் எழுதச் சொல்.

மச்சான்

*

ஏப்ரல் 2

மச்சானுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கிறேன், நலம் என்று சொல்லி ஆரம்பிக்க இந்தத் தடவை முடியாது.

நீ துவைத்துக் காயப்போட்ட பையைப் பற்றிப் பாப்பா படித்ததும் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அம்மா மாதிரியேதான், பொய் சொல்ல வராது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். நாக்கில் கேன்சர். கழுத்தில் ஒரு கட்டிக்கும் போயிருக்கிறதாம். மாதக் கடைசியில் ஆபரேஷன்.

நாக்கில் பாதிக்கு மேல் போகும். தாடையிலும் கொஞ்சம். இடது கையில் மணிக்கட்டுக்கு மேலே சதையை எடுத்து வாய்க்குள் வைத்துத் தைப்பார்களாம். உன் தையல்காரம்மாவிடம் சொல், அவளை மிஞ்சின ஆள் இங்கே இருக்கிறார். வலது கையைத் தொட்டுவிடாதீங்க டாக்டர் என்றேன். "ஏன் பெரியவரே, எழுதற கையா?" என்று கேட்டார். "எழுதத் தெரியாதுங்க, அது தூக்கற கை" என்றேன். சுமை தூக்குகிற ஆள் என்று நினைத்துக்கொண்டு சரி சரி என்றார்.

பேச்சு தெளிவாக வராது, வராமலே போனாலும் போகலாம் என்கிறார்கள். பாப்பா இதை எழுதும்போதே அழுகிறாள், காகிதம் நனைந்திருந்தால் அதுதான் காரணம். நான் அவளிடம் சொன்னேன், உன் மாமாவுக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை, நான் பேசி அவனுக்கு என்றைக்குக் கேட்டது?

ஒன்று மட்டும். நீ வராதே. முகம் கோணிப் போகும் என்கிறார்கள், எச்சில் ஒழுகும். என்னை அந்தக் கோலத்தில் பார்க்காத கண் ஒரு ஜோடியாவது எங்காவது இருக்கட்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

உன் மாப்பிள்ளை

*

ஏப்ரல் 11

மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லாம் அப்படியே இருக்கிறது. அங்கே எப்படி என்று கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேட்கிறேன்.

சரி. வரவில்லை. பையை ஆணியில் மாட்டிவிட்டேன்.

ஏன் ஒத்துக்கொண்டேன் என்று கேட்பாய். நமக்குள் ஒரு வேலைச் சட்டம் உண்டு. கீழே நிற்பவன் கை காட்டாமல் மேலே இருப்பவன் கொக்கியை ஒரு சாண் அசைக்கக் கூடாது. மேலே இருப்பவனுக்கு எல்லாம் தெரிகிற மாதிரி இருக்கும். ஆனால் சுமைக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறான், எந்தச் சங்கிலி பிசகியிருக்கிறது என்பது கீழே இருப்பவனுக்குத்தான் தெரியும். ஒரு மேஸ்திரி வந்து, சிக்னல் என்ன சிக்னல், நான் சொல்றேன் எறக்கு என்று கத்தினானே, நான் மணியை ரெண்டு தட்டு தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நீ கை காட்டிய பிறகுதான் இறக்கினேன். இப்போதும் அப்படித்தான். நீ காட்டு, நான் வருகிறேன். அதுவரைக்கும் கூண்டிலேயே இருக்கிறேன்.

முகத்தைப் பற்றிச் சொன்னாய். அட கொடிக்கம்பமே, அத்தனை வருஷம் மேலேயிருந்து நான் உன் முகத்தையா பார்த்தேன்? மஞ்சள் தொப்பியும் ரெண்டு கையும்தான் தெரியும். அந்த ரெண்டு கையை நம்பித்தான் என் தங்கச்சியைக் கொடுத்தேன்.

தைரியமாகப் போ. தையல்காரம்மா அந்தத் தையல்காரருக்கு வணக்கம் சொல்கிறாள். பிசிறில்லாமல் மடித்துத் தைக்கச் சொல்கிறாள்.

மச்சான்

*

மே 6

பாப்பாவுக்கு, மாமா எழுதச் சொன்னது.

நீயும் உன் வீட்டுக்காரரும் நல்லபடியாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

ஆபரேஷன் முடிந்தது, ஐ.சி.யூ.வில் இருக்கிறார் என்று நீ போட்ட கார்டு வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. உனக்கு நேரம் இருக்காது என்று தெரியும். ஒரு வரி போதும். வரி கூட வேண்டாம், வெறும் கார்டில் உன் அப்பாவின் கட்டைவிரலை மையில் ஒற்றி அனுப்பு. சம்பளம் வாங்கும்போது அவன் விரல் பக்கத்தில்தான் என் விரலும் விழும். அவன் ரேகையில் குறுக்கே ஒரு வெட்டு இருக்கும், கம்பி கிழித்தது. பார்த்தால் தெரிந்துகொள்வேன்.

மாமா

*

மே 25

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கள். எழுத உட்காருவேன், அப்பா இருமுவார், எழுந்து போவேன்.

வீட்டுக்கு வந்துவிட்டோம். மூக்கு வழியாகக் குழாய், அதில்தான் ஆகாரம். மூச்சுக்காகக் கழுத்தில் போட்டிருந்த துளை மூடி வருகிறது. இடது கையில் முழங்கை வரை கட்டு. பேச்சு வரவில்லை. முயன்றால் ஒரு சத்தம் வருகிறது, அதைக் கேட்டு அவரே பயந்துபோய் நிறுத்திவிட்டார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுகிறார்.

எழுதிக் காட்டச் சொல்லவும் வழியில்லை. ஆஸ்பத்திரியில் படம் போட்ட அட்டை ஒன்று கொடுத்தார்கள், தண்ணீர், கழிப்பறை, வலி என்று. அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். வலது கையால் ஏதேதோ காட்டுகிறார். விரலை மேலே தூக்கிச் சுற்றுவார். மின்விசிறி என்று போடுவோம், கோபம் வரும். நிறுத்துவோம், இன்னும் கோபம் வரும். உள்ளங்கையைத் தரையைப் பார்த்து விரித்து அப்படியே வைத்திருப்பார். எங்களுக்கு ஒன்றும் புரிவதில்லை, மாமா. முன்னெல்லாம் வாயும் கையும் சேர்ந்து பேசுவார், நாங்கள் வாயை மட்டும்தான் கேட்டிருக்கிறோம்.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். ஆபரேஷன் புண் ஆறினதும் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும் என்றார்கள். கழுத்தில் கட்டி இருந்ததால் அவசியம் என்கிறார்கள். தள்ளிப்போட்டால் பலன் குறையும், ஆனால் வாயெல்லாம் வெந்து போகும், தாங்குவாரா என்று நீங்களும் அவரும் பேசி முடிவு செய்யுங்கள் என்றார் டாக்டர். அன்றைக்கு அப்பா முன்னால் வைத்துத்தான் சொன்னார். அப்பா ரெண்டு கையையும் நெஞ்சுக்கு நேராகக் கொண்டுவந்து, கட்டுப் போட்ட கைமேல் மற்றக் கையைச் சேர்த்துக் கும்பிட்டார். எங்களைப் பார்த்து. வீட்டுக்கு வந்தும் அதைத்தான் செய்கிறார். நான் பக்கத்தில் போனாலே கையைச் சேர்க்கிறார். போதும், விட்டுவிடுங்கள் என்று கெஞ்சுகிற மாதிரி இருக்கிறது. என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். என்னால் அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை.

அப்பாவை இனி வதைக்க வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். வருகிற வாரம் ஆஸ்பத்திரியில் சொல்லிவிடுவோம். உங்களிடம் கேட்டுச் செய்திருக்க வேண்டும். கேட்கத் தைரியம் இல்லை.

பாப்பா

*

ஜூன் 1

பாப்பாவுக்கு,

நலம் விசாரிக்க இப்போது பொறுமை இல்லை, அடுத்த கடிதத்தில் சேர்த்துக் கேட்டுக்கொள்கிறேன்.

உன் கடிதம் வந்த உடனே தையல்காரம்மா மெக்கானிக் கடையிலிருந்து உன் வீட்டுக்காரர் ஆபீஸுக்குப் போன் போட்டு, மாமா கடிதம் வரும்வரை ஆஸ்பத்திரியில் எதுவும் சொல்லாதீர்கள் என்று சொல்லியிருப்பாள். போனில் இதற்கு மேல் விளக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். இதைப் பார்த்துச் செய்ய வேண்டும்.

உன் அப்பா கும்பிட்டதாக எழுதினாய். எனக்கு ஒன்று தெரிய வேண்டும். உள்ளங்கையும் உள்ளங்கையும் ஒட்டியிருந்ததா, இல்லை விரலுக்குள் விரல் கோத்திருந்ததா? ஒரு கையில் கட்டு என்றால் கோப்பது சரியாக வந்திருக்காது, கும்பிடுவது போலத்தான் தெரியும். ஆனால் கோக்கப் பார்த்தாரா என்று கவனி.

கோத்த கை எங்கள் தொழிலில் கும்பிடு இல்லை. அதற்கு அர்த்தம், அப்படியே பிடித்துக்கொள், இறக்கிவிடாதே, நான் சொல்கிறவரை கைவிடாதே. ஒரு தடவை கப்பலிலிருந்து ஒரு பாய்லரை எடுத்தோம். பாதி வழியில் காற்று. சுமை ஆடுகிறது. கீழே ஒருவன் கால் சங்கிலிக்குள் மாட்டிக்கொண்டது. ஏற்றினாலும் போச்சு, இறக்கினாலும் போச்சு. உன் அப்பா நடுவில் வந்து நின்று விரலைக் கோத்து நெஞ்சில் வைத்தார். மழை வேறு. தொப்பி பறந்துபோய்த் தண்ணீரில் விழுந்தது, திரும்பிக் கூடப் பார்க்கவில்லை. என் கூண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பிரேக்கை மிதித்த கால் மரத்து, அது என் காலா யார் காலா என்று தெரியாமல் போகிறவரை பிடித்தேன். அந்தப் பையனை எடுத்த பிறகுதான் கோத்த விரலைப் பிரித்தார்.

ஆனால் பாப்பா, நான் தூரத்தில் இருக்கிறேன். மனுஷனுக்கு வலி தாங்காமல் நிஜமாகவே கும்பிட்டும் இருக்கலாம். என் ஆசைக்கு ஏற்ற மாதிரி நான் படித்துக்கொண்டும் இருக்கலாம். அதனால் நான் சொல்வதை நம்பாதே. அவரையே கேள். கேட்கிற விதம் இதுதான்.

ஒரு எவர்சில்வர் டம்ளரையும் கரண்டியையும் எடு. அவர் கை காட்டும்போது ரெண்டு தட்டு தட்டு. புரியவில்லை, மறுபடி காட்டு என்று அர்த்தம். வாயால் எதுவும் கேட்காதே. அவர் காட்டுவார். விரலை மேலே நீட்டிச் சுற்றினால், தூக்கு. கீழே நீட்டிச் சுற்றினால், இறக்கு. கையைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கையைக் கீழே வைத்து வீசினால், நிறுத்து. ஒரு கை காட்டும்போது அதன்மேல் இன்னொரு கையை மூடினாற்போல் பிடித்தால், மெதுவாக. புரிந்ததும் ஒரு தட்டு தட்டு.

அவர் விரலைச் சுற்றினது மின்விசிறிக்கு இல்லை. தலைமாட்டைத் தூக்கச் சொல்லியிருப்பார்.

இதில் நீ வருத்தப்பட ஒன்றும் இல்லை. இது எனக்கும் அவருக்கும் பிழைப்பு, உனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நீ பிறந்தபோது அவர் கையை நாங்கள் வீட்டுக்குள் அனுப்பிவிட்டோம், சைகையைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டோம்.

உடனே எழுது.

மாமா

*

ஜூன் 14

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். இதை வணக்கம் சொல்கிற வழக்கத்துக்காக எழுதவில்லை.

உங்கள் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். டம்ளரை எடுத்துக்கொண்டு போனேன். அப்பா வழக்கம்போலச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பேசாமல் ரெண்டு தட்டு தட்டினேன்.

அவர் உடம்பு விறைத்தது, மாமா. அப்புறம் மெல்லத் திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை, டம்ளரைப் பார்த்தார். பிறகு என்னை. ரொம்ப நேரம். எழுந்து உட்கார முயன்றார். நான் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று கையை வீசினார். நிறுத்து. உங்கள் கடிதத்தில் இருந்தபடியே. நின்றேன். தானாகவே உட்கார்ந்தார். கட்டுப் போட்ட கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, மற்றக் கை விரல்களை அதற்குள் நுழைத்துக் கோத்து, நெஞ்சில் வைத்தார். கண் என்னை விட்டு நகரவில்லை.

ஒரு தட்டு தட்டினேன்.

அப்பா அழுது நான் அம்மா போன அன்றைக்குத்தான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு இப்போதுதான்.

கரண்ட் வைக்கலாமா அப்பா, வாயெல்லாம் வேகும் என்கிறார்களே என்று கேட்டேன். வலது கை விரலை மேலே நீட்டிச் சுற்றினார். அதன்மேல் இடது கையைக் கஷ்டப்பட்டுக் கொண்டுவந்து மூடினார். மெதுவாகத் தூக்கு. டாக்டரிடம் சொன்னோம். முகத்துக்கு அளவெடுத்து வலை மாதிரி ஒரு முகமூடி செய்திருக்கிறார்கள். போன திங்கட்கிழமை ஆரம்பித்தாயிற்று.

தலைமாட்டைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் எல்லாமே சரியில்லை. நேற்று முழங்கையைத் தட்டிக் காட்டினார். கொக்கி, கயிறு என்று ஏதாவது கேட்கிறாரோ என்று என் வீட்டுக்காரர் வீடு முழுக்கத் தேடினார். கடைசியில் பார்த்தால் அங்கே அரிப்பு. அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பில் முகம் ஒரு பக்கமாகத்தான் போகிறது. சிரிப்புதான் என்று தெரிகிறது.

பாப்பா

*

ஜூலை 8

பாப்பாவுக்கு,

போன தடவை விட்டதையும் சேர்த்து நலம் கேட்கிறேன். எல்லாருக்கும் ரெண்டு பங்கு.

உன் கடிதத்தை மடிப்பு கிழிகிற வரை படிக்கச் சொல்லிக் கேட்டாயிற்று. தையல்காரம்மா அதைத் துணி வைத்து ஒட்டிக் கொடுத்திருக்கிறாள். முழங்கையைத் தட்டினால் சின்னக் கொக்கியை எடு என்று அர்த்தம், அது எங்கள் தொழிலில் நிஜமாகவே உண்டு. உன் வீட்டுக்காரர் தேடியதில் தப்பில்லை என்று சொல்.

கரண்ட் வைக்க வைக்க வலி ஏறும் என்று இங்கே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒருவர் சொன்னார். உன் அப்பா கத்தமாட்டார். வலி பெரிதானால் இடது புருவத்தை மட்டும் தூக்குவார். கம்பி கையைக் கிழித்த அன்றைக்கு கையில் ரத்தத்தைப் பார்த்து நான் கூண்டிலிருந்து இறங்கி ஓடினேன். கீழே வந்தபோது, அந்தப் புருவத்தைத் தூக்கியபடியே, "வேலையைப் பாருடா, யார் உன்னை எறங்கச் சொன்னது?" என்று திட்டினார். அந்தக் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது. அப்போது காது இருந்தது.

இப்போது வராண்டாவில் உட்கார்ந்திருந்தால் கை சும்மா இருப்பதில்லை. தெருவில் போகிறவர்கள் பெரியவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைக்கிறார்கள். மறந்துவிடக் கூடாது என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொள்கிறேன். எதிரே நின்று பதில் காட்ட ஆள் இல்லாமல் போடுவது, காலிக் கொக்கியை ஆட்டுகிற மாதிரி இருக்கிறது.

ஒன்று சொல்கிறேன். நான் வருவதைப் பற்றி உன் அப்பாவிடம் கேட்காதே. மாமா வரட்டுமா என்று கேட்டுத் தலையாட்ட வைக்காதே. கேட்டு வாங்குகிற சைகையில் கொக்கியை அசைக்க முடியாது. அது அவர் கையில் தானாக வர வேண்டும். வராவிட்டாலும் பரவாயில்லை.

என்னென்ன காட்டுகிறார் என்று மட்டும் எழுது. எனக்குச் சம்பந்தம் இல்லாததாக இருந்தாலும் எழுது.

மாமா

வணக்கம். நான் தையல்காரம்மா. இது பெரியவர் சொல்லாதது. வராவிட்டாலும் பரவாயில்லை என்றாரே, அதைச் சொல்லும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். தபால்காரர் வருவதற்கு முன்னாலேயே வாசலில் நிற்கிறார். ஆணியில் மாட்டிய பையில் துணி மடித்து வைத்தபடியே இருக்கிறது.

*

செப்டம்பர் 2

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்களும் தையல்காரம்மாவும் நலமா? இத்தனை நாள் எழுத முடியவில்லை. கரண்ட் வைத்த கடைசி வாரங்கள் மோசமாக இருந்தன. நீங்கள் சொன்ன புருவம் தூக்கினபடியே இருந்தது. நடுவில் ஒருநாள் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. உங்களுக்கு எழுதினால் என்னவென்று எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

இப்போது தேவலை. கரண்ட் முடிந்தது. மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். குழைவாகப் பிசைந்து கொடுத்தால் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்குகிறார். ஒரு தட்டை முடிக்க மத்தியானம் சாயங்காலமாகிறது. பேச்சுப் பயிற்சிக்குப் போகிறோம். என் பெயரைச் சொல்வதாகச் சொல்கிறார். எனக்குப் புரிகிறது, மற்றவர்களுக்குப் புரியாது. கழுத்து இறுகிக் கிடக்கிறது, உடம்பு பாதியாகிவிட்டது. இனிமேல் மாதாமாதம் வந்து காட்ட வேண்டும் என்கிறார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. இப்போதைக்கு ஒன்றும் தென்படவில்லை என்கிறார்கள். அதையே பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

நீங்கள் சொன்னபடி அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை. தையல்காரம்மா எழுதியதையும் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று. குழாய் எடுத்த அன்றைக்கு ஜன்னலோரம் உட்கார வைத்துத் தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். சாப்பிடவில்லை. தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். அந்தக் கழுத்து நிமிர எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். எதிர்வீட்டு மொட்டைமாடிக்கும் மேலே, வெறும் வானத்தைப் பார்த்துத்தான். வயிற்றில் ரெண்டு தட்டு தட்டினார். கையைத் தலைக்கு மேல் தூக்கி, ஒரு விரலைக் கீழே காட்டிச் சுற்றினார். அப்புறம் கையை இறக்கிவிட்டு எதையோ கேட்கக் காத்திருக்கிற மாதிரி இருந்தார். அதற்குப் பிறகுதான் சாப்பிட ஆரம்பித்தார்.

இறக்கு என்றால் எதை இறக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. சாப்பாடு இறங்குகிறது என்கிறாரோ என்று நினைத்து ஒரு தட்டு தட்டினேன். உனக்கு இல்லை என்கிற மாதிரிக் கையை வீசினார். அன்றிலிருந்து தினமும் மத்தியானம் தட்டு வந்ததும் இதைச் செய்கிறார். வயிற்றைத் தட்டுவது நீங்கள் முன்பு எனக்கு எழுதிய சைகைகளில் இல்லை. என்ன அர்த்தம், மாமா?

பாப்பா

*

செப்டம்பர் 8

பாப்பாவுக்கு,

அனைவரும் சுகமாக இருங்கள். மீதியை நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

தையல்காரம்மா உன் கடிதத்தை ஒரே மூச்சில் படித்து முடிக்கவில்லை. விரலைக் கீழே காட்டிச் சுற்றினார் என்கிற இடத்தில் எனக்கு எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை.

அர்த்தத்தை எழுதமாட்டேன். அது உனக்குக் காட்டியது இல்லை, அவர் சொன்னது சரிதான். பையை ஆணியிலிருந்து எடுத்துவிட்டேன். ரயிலுக்கு மெக்கானிக் சீட்டு வாங்கிவிட்டான். என் காதுக்கு ஸ்டேஷன் பெயர் கேட்காது என்பதால் பக்கத்தில் உட்காருகிறவரிடம் காட்டத் தையல்காரம்மா ஒரு துணியில் உன் ஊரை நூலால் தைத்துக் கொடுத்திருக்கிறாள். அதைச் சட்டையில் குத்திக்கொண்டு வருவேன், சிரிக்காதே.

அவர் தட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு தட்டு வை. எனக்கும் குழைவாகவே போடு, அவர் வேகத்துக்கே நானும் சாப்பிடுகிறேன்.

இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்து சேரும். வந்ததும் நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். மத்தியானம் அவர் மேலே பார்த்துக் கை காட்டி முடிக்கிறவரை காத்திரு. அப்புறம் டம்ளரை எடுத்து ஒரு தட்டு தட்டு. அவர் உன்மேல் கோபப்பட்டுக் கையை வீசுவார். வீசட்டும். இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடுத்து, கீழே நான் ஒற்றியிருக்கிற கட்டைவிரலைக் காட்டு.

காட்டிவிட்டு, மறுபடியும் ஒரே ஒரு தட்டு.